நான்கு டின், இருபது நாள்: பவுடர் பால் ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தை

தாய் பையைத் திறந்து நான்கு பால் பவுடர் டின்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது காலி. இரண்டாவதும் மூன்றாவதும் பாதிகூடத் தீரவில்லை. நான்காவதுதான் இப்போது ஓடிக்கொண்டிருப்பது. "எதைக் கொடுத்தாலும் ஒத்துக்க மாட்டேங்குது டாக்டர். அஞ்சாவதா எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். குழந்தை அப்பாவின் தோளில் கிடந்து முனகிக்கொண்டிருந்தது. பிறந்து 48 நாள். எடை 3.92 கிலோ.

அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. சொன்ன பதில் சரிதானா என்று உறுதிசெய்ய மேலும் ஐந்து வாரம். அந்த நாட்களில் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன். நான் தவறாகக் கணித்த இடமும் இதில் உண்டு.

இதுவரை நடந்தது

38 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறப்பு எடை 3.1 கிலோ. தாய் தன் நோய்க்காக எடுக்கவேண்டிய ஒரு மருந்தினால் முதல் வாரத்திலேயே தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவருடைய மருத்துவர் சொல்லித்தான் நிறுத்தினார். அன்றிலிருந்து முழுக்கவே புட்டிப்பால். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

பத்தாவது நாளில் குழந்தை பிறப்பு எடையைத் திரும்ப எட்டிவிட்டது. 28ஆம் நாளில் 3.6 கிலோ. இடைப்பட்ட நாட்களில் நாளுக்கு ஏறக்குறைய 28 கிராம் ஏறியிருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஆக, முதல் டின்னில் குழந்தை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து அழுகை தொடங்கியது. மாலையில் ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணிவரை, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க வீறிட்டு அழும். புட்டியைப் பாதியில் துப்பிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஐந்து நிமிடம் கழித்து அதே புட்டிக்காக அழும்.

28ஆம் நாள் டின்னை மாற்றினார்கள். இரண்டாவது, வயிற்றுக்கு இதமானது என்று விற்கப்படும் வகை: பால் புரதத்தைப் பாதி உடைத்து, பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸைக் குறைத்தது. ஐந்து நாள் பார்த்தார்கள். மலம் இளகியது, அழுகை குறையவில்லை. மூன்றாவது, லாக்டோஸே இல்லாதது. அதுவும் ஐந்து நாள். முதல் இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழையபடியே. நான்காவது ஆட்டுப்பாலில் செய்த ஃபார்முலா. எளிதில் செரிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அதில் பத்து நாள் ஓடிவிட்டது.

28ஆம் நாளிலிருந்து 48ஆம் நாள்வரை ஏறிய எடை 320 கிராம். நாளுக்கு 16 கிராம். எனக்கு உறுத்தியது இந்தக் கணக்குதான்.

வெறும் கோலிக் என்று ஏன் அனுப்பிவிடவில்லை

பச்சைக் குழந்தைகளின் அழுகைக்கு ஒரு பாதை உண்டு. இரண்டாவது வாரத்திலிருந்து ஏறும், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே இறங்கும். நன்றாகக் குடித்து நன்றாக வளர்கிற குழந்தை காரணம் தெரியாமல் இப்படி அழுதால் அதைக் கோலிக் என்கிறோம். 1954இல் வெசல் என்ற மருத்துவர் சொன்ன விதி இன்றும் பலருக்கு மனப்பாடம்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரமாக. குடல் கோளாறுகளுக்கு நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறை, சிகிச்சைக்கு இந்த மணிக்கணக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது. பெற்றோரால் எப்படியும் அமர்த்த முடியாத அழுகை, ஆனால் காய்ச்சலோ நோயோ வளர்ச்சிக் குறைவோ இல்லை என்பதுதான் இப்போது அளவுகோல்.

இந்தக் குழந்தைக்கு அந்தக் கடைசிப் பகுதி பொருந்தவில்லை. எடை ஏற்றம் பாதியாகிவிட்ட குழந்தையைக் கோலிக் என்று சொல்லி அனுப்பக்கூடாது.

அவசரமாகப் பார்க்கவேண்டியவற்றை முதலில் பார்த்துவிட்டேன். பச்சை நிறத்தில் வாந்தி இல்லை. இருந்திருந்தால் குடல் அடைப்பு என்று அப்போதே அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன். பீறிட்டு அடிக்கும் வாந்தியும் இல்லை. இந்த வயதில் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்துக்கொள்வதை நினைவில் வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை. உச்சிக்குழி புடைக்கவில்லை, குழியவும் இல்லை. சிறுநீர் தாராளமாகப் போகிறது. கன்னத்தில் லேசான சொரசொரப்பு. எச்சில் பட்டுக் காய்ந்தது என்று குறித்துக்கொண்டேன்.

புட்டியைக் கலக்கச் சொன்னேன்

"இப்ப பாப்பாவுக்குப் பசிக்கிற நேரம்தானே? வீட்டில எப்படிக் கலப்பீங்களோ அப்படியே இங்க கலந்து கொடுங்க" என்றேன். பால் குடிப்பதில் சிக்கல் என்று யார் வந்தாலும் நான் இதைக் கேட்பேன். வாயால் கேட்டால் "டின்ல போட்டிருக்கிற மாதிரிதான்" என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை, அப்படித்தான் நம்புகிறார்கள்.

அப்பா பழகிய கையோடு ஃபிளாஸ்க்கிலிருந்து 120 மில்லி கோடுவரை தண்ணீர் ஊற்றினார். டின்னைத் திறந்து, உள்ளே கிடந்த குட்டிக் கரண்டியால் அள்ளி, டின்னின் விளிம்பில் தேய்த்து மட்டம் பண்ணி ஒன்று போட்டார். இன்னொன்று போட்டார். மூடியைத் திருகினார். வேகமாகக் குலுக்கினார், நுரை ஒரு விரல் உயரம் எழும்பியது. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பால் நீலம் பாய்ந்து மெலிசாக இருந்தது.

"ரெண்டு கரண்டிதானா?"

"ஆமா டாக்டர். 120க்கு ரெண்டு. மொதல் டின்லேர்ந்து அப்படித்தான்."

முதல் டின்னைக் கையில் எடுத்துப் படித்தேன். 60 மில்லிக்கு ஒரு கரண்டி. அவர் சொன்னது சரி. நான்காவது டின்னைத் திருப்பினேன். 30 மில்லிக்கு ஒரு கரண்டி. 120க்கு நான்கு போட வேண்டும். இரண்டு கரண்டிகளையும் அருகருகே வைத்தேன். பழையதில் புதியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். பத்து நாளாகக் குழந்தை குடித்தது பாதிப் பாலும் பாதித் தண்ணீரும்.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பா, "நான்தான் கலக்கறேன் டாக்டர். ராத்திரியும் நான்தான்" என்றார். அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த நிமிடத்தில் எனக்கு வைத்தியத்தைவிட முக்கியமாகப் பட்டது. கரண்டி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதைப் பெரிய எழுத்தில் யாரும் எழுதிவைப்பதில்லை. இருபது நாளில் மூன்று முறை டின் மாறிய வீட்டில், தூக்கமில்லாத கண்ணோடு, ராத்திரி இரண்டு மணிக்கு யார் லேபிளைப் படிப்பார்கள்?

பிறகு கணக்குப் போட்டோம். நாளுக்கு 950 மில்லி குடிக்கிறது. கிலோவுக்கு 240 மில்லிக்கு மேல். இந்த வயதில் கிலோவுக்கு 150 மில்லியை ஒட்டி இருந்தால் போதும். சரியாகக் கலந்த ஃபார்முலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி. பாதியாக நீர்த்ததில் 33 சொச்சம். அத்தனை குடித்தும் கிலோவுக்கு 80 கலோரிதான் உள்ளே போகிறது, அதிலும் ஒரு பங்கு கக்கலில் வெளியே வந்துவிடுகிறது. வயிறு கொள்ளாத அளவு திரவம், அதனால் கக்கல். போதாத சத்து, அதனால் பசி, அதனால் அழுகை. அழுதால் இன்னொரு புட்டி.

ரத்தத்தில் சோடியம் பார்த்தேன். 132. குறைந்தது 135 இருக்க வேண்டும். இன்னும் சில நாள் இப்படியே போயிருந்தால் வலிப்பில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். கெட்டியாகக் கலப்பதும் இதே அளவு ஆபத்துதான், அது எதிர்ப்பக்கம்: சோடியம் ஏறும், நீர்ச்சத்து வற்றும், மலம் இறுகும்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. நிப்பிளின் துளை பெரிது; கவிழ்த்தால் சொட்டாமல் ஓடியது. குழந்தை திணறித் திணறி ஆறு நிமிடத்தில் புட்டியைக் காலி செய்தது. அப்புறம், ஃபிளாஸ்க் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் கிடையாது. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்கக்கூடும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007 வழிகாட்டியில், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து, பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவைக்கச் சொன்னது. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து கொடுக்கக்கூடாது.

லாக்டோஸ் மேல் விழுந்த பழி

மூன்றாவது டின்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் வருகிற பெற்றோரில் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது லாக்டோஸைத்தான். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். பிறக்கும்போதே அதைச் செரிக்கிற நொதி இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். பெரியவர்களுக்கு வரும் லாக்டோஸ் செரியாமை வளர்ந்த பிறகு வருவது. கைக்குழந்தைக்கு வந்தால் அது பெரும்பாலும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உள்தோல் அடிபட்டு வருவது, சில வாரத்தில் சரியாகிவிடும். இந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் வரவில்லை.

பிரச்சினை சர்க்கரையிலா, புரதத்திலா என்று பிரித்துப் பார்க்காமல் டின்னை மாற்றுவதில் இன்னொரு கேடும் உண்டு. லாக்டோஸ் இல்லாத ஃபார்முலாவில் பசும்பால் புரதம் முழுசாக அப்படியே இருக்கிறது. பாதி உடைத்த புரதம் உள்ள இரண்டாவது டின்னும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் போதாது. ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தைப் பெரிதும் ஒத்தது; ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. மூன்று முறை மாற்றியும் புரதத்தைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் நின்ற இடத்திலேயேதான் நின்றிருக்கிறது. அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

முதல் பத்து நாள்: முதல் டின்னுக்கே திரும்பினோம்

ஐந்தாவது டின் வேண்டாம் என்றேன். குழந்தை நன்றாக வளர்ந்தது முதல் டின்னில்தான், அதற்கே திரும்புவோம். 60 மில்லிக்கு ஒரு கரண்டி. மற்ற கரண்டிகளை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். மெதுவாக ஓடும் நிப்பிள். வேளைக்கு 80 மில்லி, நாளுக்கு ஏழெட்டு வேளை. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடையாக வைத்து, நடுநடுவே நிறுத்தி 15, 20 நிமிடத்தில் கொடுப்பது. வாயைத் திருப்பினால் அத்தோடு சரி, மீதியைத் திணிக்கக்கூடாது. குலுக்கிய பால் நுரை அடங்கும்வரை கொஞ்சம் பொறுப்பது.

ஏப்பம் எடுப்பதைப் பற்றித் தாய் கேட்டார். ஏப்பம் சரியாக எடுக்காததால்தான் கோலிக் வருகிறதோ என்று அவருக்குப் பயம். 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஏப்பம் எடுத்த குழந்தைகளுக்குக் கோலிக் குறையவில்லை, கக்கல் கூடத்தான் செய்தது. முதுகை அரை மணி நேரம் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாயுவுக்கென்று வாங்கிவைத்திருந்த சொட்டு மருந்தையும் நிறுத்தச் சொன்னேன். அதிலுள்ள சிமெத்திகோன், மருந்தே இல்லாத போலிச் சொட்டைவிட மேலாக வேலை செய்ததாகச் சோதனைகளில் தெரியவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன்: குடித்த அளவு, கக்கல், மலம், அழுத நேரம்.

அதோடு தாயைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள்தான். 13 வந்தது, மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டிய அளவு. "ராத்திரி அழும்போது சில நேரம் இவளைப் பிடிச்சு உலுக்கிடலாமான்னு தோணுது டாக்டர். தோணினதுமே பயமா இருக்கு" என்றார். சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். அப்படித் தோன்றும்போது குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழட்டும், தொட்டிலில் அழுவதால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும் என்று சொன்னேன். மனநல மருத்துவரிடம் அந்த வாரமே நேரம் வாங்கிக் கொடுத்தேன். இரவு ஒருவர் விழித்தால் மற்றவர் வேறு அறையில் தூங்க வேண்டும் என்று முறை போட்டுக்கொண்டார்கள். இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாலைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் சோடியம் 137. பத்து நாளில் 340 கிராம் ஏறியது. நாளுக்குப் பதினான்கு முறை கக்கியது ஐந்தாகக் குறைந்தது. அழுகை ஐந்தரை மணி நேரத்திலிருந்து மூன்றே முக்காலுக்கு வந்தது.

நான் தவறிய இடம்

ஐந்தாம் நாளே என் குறிப்பில் "கலக்கும் முறையில் பிழை, ஒவ்வாமை இல்லை" என்று எழுதிவிட்டேன். கரண்டியைக் கண்டுபிடித்த திருப்தி என் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் இன்னொன்றைத் தேட மனம் போவதில்லை.

பத்தாம் நாள் நோட்டைப் புரட்டியபோது, ஆறாம் நாள் பக்கத்தில் தாயின் கையெழுத்தில் "மலத்தில் சளி, நூல் நூலாக" என்று இருந்தது. ஏழிலும் எட்டிலும் அதேதான். ஒன்பதாம் நாள்: "சிவப்பு, ஒரு நூல் அளவு." டயப்பரைப் படம் எடுத்தும் வைத்திருந்தார். பச்சை மஞ்சள் மலத்தின் நடுவே, தைக்கிற நூலின் கனத்தில், அரை அங்குல நீளத்துக்கு ரத்தம்.

ஆசனவாயில் வெடிப்பு இல்லை. மலச் சோதனையில் கிருமி இல்லை. குழந்தை தெளிவாக இருந்தது. முதல் நாள் எச்சில் என்று நான் ஒதுக்கிய கன்னத்துச் சொரசொரப்பு இப்போது முழங்கை மடிப்பிலும் இருந்தது. தாய்க்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது என்பதை இப்போதுதான் கேட்டு அறிந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கோமிஸ் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அழுகை, கக்கல், மலம், தோல், மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து 33க்குப் போடுவது. 2022இல் திருத்தியபோது, 10ஐ எட்டினாலே பசும்பால் புரத ஒவ்வாமையை நினைத்துப் பாருங்கள் என்றார்கள். அதற்கு முன் 12. இந்தக் குழந்தைக்கு முதல் நாள் 13 வந்தது, பெருமளவு நீர்த்த பாலால் வந்த 13. கலப்பதைச் சரிசெய்ததும் 7. அந்த 7தான் என்னை ஏமாற்றியது. நினைவூட்டுவதற்கு என்று உருவாக்கிய முறை அது. நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போதுதான் டின்னை மாற்றினோம்

உடனடி வகை ஒவ்வாமையில் பால் குடித்த சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் வரும். இவளுக்கு அது எதுவும் இல்லை. குடலில் மெதுவாக வரும் தாமத வகையாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ரத்தச் சோதனையோ தோல் குத்துச் சோதனையோ உதவாது. பால் புரதத்தை நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை.

தேர்ந்தெடுத்தது, புரதத்தை வெகுவாக நொறுக்கிய ஃபார்முலா. புரதச் சங்கிலிகளை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கியது. ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் குறைந்தது 90 சதவீதம் பேர் தாங்கிக்கொண்டால்தான் ஒரு பாலை ஒவ்வாமைக்கானது என்று ஏற்பார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கும், உயிரைப் பாதிக்கும் அளவு வினை உள்ளவர்களுக்கும், வளர்ச்சி கடுமையாகத் தேங்கியவர்களுக்கும், புரதத்தை அதன் கடைசித் துண்டுகளாகவே தருகிற அமினோ அமில ஃபார்முலா இருக்கிறது. எடை ஏறிக்கொண்டிருந்ததால் இவளுக்கு அது தேவைப்படவில்லை. சோயா ஃபார்முலா ஆறு மாதத்துக்கு முன் நான் தருவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது.

மூன்று விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இந்தப் பால் கசக்கும், வாடை அடிக்கும், முதல் நாள் முகம் சுளிக்கும். மலம் கரும்பச்சையாக மாறும், அது நோய் இல்லை. கரண்டி அளவு மறுபடியும் வேறு. அப்பா அதைக் கேட்டதும் பையிலிருந்து ஒட்டுத்தாளை எடுத்து "30க்கு 1" என்று எழுதி டின் மூடியில் ஒட்டினார்.

நான்கு நாள் பழைய பாலோடு கலந்து, பங்கைக் கூட்டிக்கொண்டே போனோம். உடனடி வகை ஒவ்வாமையாக இருந்தால் இப்படிக் கலக்கவே கூடாது. முழுக்கப் புதிய பாலுக்கு வந்த நாளிலிருந்து 28 நாள் எண்ணத் தொடங்கினோம். அந்த 28 நாளும் வேறு எதையும் மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் தாய் அழைத்தார். "ஒரு மாற்றமும் தெரியல டாக்டர். வேற ஒண்ணு இருக்காமே..." குடலின் உள்தோலில் இருக்கும் அழற்சி அடங்க நாள் ஆகும், இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுத்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றேன். முந்தைய டின் எதற்குமே அந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். "சரி டாக்டர், நீங்க சொல்றீங்கன்னு பொறுத்துக்கறேன்" என்றார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் நாளுக்குப் பிறகு ரத்தம் இல்லை. இரண்டாவது வாரக் கடைசியில் அழுகை இரண்டு மணி நேரமாகியது. மூன்றாவது வாரத்தில் சளி நின்றது. தோல்தான் மெதுவாகத் தேறியது. 28ஆம் நாள் அழுகை ஒரு மணி நேரத்துக்கும் கீழே.

நன்றாக இருக்கிற குழந்தைக்கு ஏன் மறுபடியும்?

இதைத்தான் தாய் கேட்டார். முகத்தில் கோபமே தெரிந்தது. நியாயமான கோபம்.

குழந்தைக்கு அப்போது 90 நாள். கோலிக்காக இருந்தாலும் சரியாகிற வயது அது. புதிய பாலால் சரியானதா, மூன்று மாதம் ஆனதால் சரியானதா என்று திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் சொல்லவே முடியாது. சொல்லாமல் விட்டால் ஒவ்வாமையே இல்லாத குழந்தை ஒரு வருடத்துக்கு மேல் கசப்புப் பாலைக் குடித்துக்கொண்டு, பால் சேர்ந்த எல்லா உணவுக்கும் பயந்து வளரும். பால் நிறுத்திக் குணமான குழந்தைகளில் கணிசமானவர்கள் இந்த மறுசோதனையில் எந்த வினையும் காட்டுவதில்லை. இதையெல்லாம் சொன்னேன். ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

தினமும் முதல் புட்டியில் மட்டும் 30 மில்லி பழைய ஃபார்முலா, மீதி புதியது. அடுத்த நாள் 60. அதற்கடுத்த நாள் 90. இரண்டு பாலையும் தனித்தனியே சரியான அளவில் கலந்து, பிறகு சேர்ப்பது. முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மாலை காலை மடக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் அழுதது. நான்காம் நாள் சளி. ஐந்தாம் நாள் காலை மறுபடியும் அந்தச் சிவப்பு நூல். அதோடு நிறுத்தினோம். நான்கு நாளில் குழந்தை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பசும்பால் புரத ஒவ்வாமை, தாமத வகை என்று அப்போதுதான் உறுதியாக எழுதினேன். என் குறிப்பிலிருந்த பழைய வரியை அழிக்கவில்லை, கீழே தேதி போட்டுத் திருத்தினேன்.

அப்புறம்

ஆறு மாதத்தில் 7.2 கிலோ. திட உணவு தொடங்கும்போது பால் பொருளை மட்டும் விலக்கினோம். முட்டை, வேர்க்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போடவில்லை. ஒரு ஒவ்வாமை இருப்பதால் மற்றவற்றைத் தாமதிப்பதில் பயன் இல்லை. தாயின் எடின்பரோ மதிப்பெண் 5க்கு இறங்கியிருந்தது.

இந்தத் தாமத வகை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் விட்டுப்போகும். பதினோராம் மாதம் மறுபடியும் முயன்றோம், அடியிலிருந்து ஏணி ஏறுவதுபோல. முதலில் பால் சேர்த்து நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் கால் துண்டு. அதிக வெப்பத்தில் புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால் இதுதான் முதல் படி. ஒன்றும் ஆகவில்லை. பிறகு படிப்படியாகச் சமைத்த பால் பொருட்கள், தயிர். பதினான்காம் மாதம் ஒரு வாரம் தொடர்ந்து பால் குடித்தும் மலம் சுத்தமாக இருந்தது.

கடைசி முறை வந்தபோது அப்பா ஒரு சின்னப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஐந்து டின்களின் கரண்டிகளும் இருந்தன, ஒவ்வொன்றின் பிடியிலும் எத்தனை மில்லிக்கு என்று மையால் எழுதியிருந்தது. புட்டி கலக்கக் காட்டச் சொல்லும்போது இப்போது அதைத்தான் மேசைமேல் வைக்கிறேன்.